கால் எட்டும் சைக்கிள்

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் தல்லாகுளம் சிக்னலில் சிவப்பு விழுந்தது. நான் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றினேன். பக்கத்தில் பால் கேன் கட்டிய மொபெட் நின்றது. பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. என் வீட்டுக்காரர் மட்டும் நிற்கவில்லை.

அதற்காக விளக்கை மீறிப் போய்விடவும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், விதியை மீற மனசு வராது. சிக்னலுக்கு முன்னால் கிடந்த காலி இடத்தில் சைக்கிளிலேயே வட்டமடிக்க ஆரம்பித்தார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"என்னண்ணே, பிரேக் பிடிக்கலையா?"

"அதெல்லாம் பிடிக்கும் தம்பி. உடம்பு சூடு ஆறிரக் கூடாதுல்ல!" என்று சுற்றிக்கொண்டே பதில் சொன்னார்.

நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். சைக்கிள் ஓட்டுகிறவன் நடுவில் நிற்கவே கூடாது, நின்றால் தசை பிடித்துக்கொள்ளும் என்று வீட்டில் எனக்குப் பாடமே எடுத்திருந்தார். பச்சை விழுந்ததும் வட்டத்திலிருந்து அப்படியே பிரிந்து புதூர்ப் பக்கம் போனார். நான் மூச்சு வாங்கப் பின்னால் போனேன். அழகர் மலை அடிவாரம்வரை போவதாகத் திட்டம். போய்ச் சேருவேனா என்பது என் இடது முட்டியின் கையில் இருந்தது.

போன வாரம் இதே பத்தியில் எங்கள் பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூம் மின்விசிறியைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஃபோன் செய்த பழைய டீச்சர்கள் ஒருவர்கூட மின்விசிறியைப் பற்றிப் பேசவில்லை. "கோமதி, முட்டி எப்படி இருக்கு?" என்றுதான் கேட்டார்கள். ஆகவே இந்த வாரம் முட்டியின் கதை.

கடையில் நடந்த பங்கீடு

கரும்பலகை முன்னால் காலமெல்லாம் நின்று சமூக அறிவியல் நடத்தியதில், ஓய்வு பெறும்போது எனக்கு மிச்சம் வந்தது முட்டிவலி. டாக்டர் மாத்திரை எழுதவில்லை. "சைக்கிள் ஓட்டுங்கம்மா. ஏத்தம் இல்லாத ரோடா பாத்து மெதுவா ஓட்டுங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மருந்துச் சீட்டு இல்லாமல் ஒரு ஆசையை எழுதித் தருகிற டாக்டரை அன்றுதான் பார்த்தேன். எழுமலையில் படிக்கிற காலத்தில் அண்ணனின் பெரிய சைக்கிளில் பாருக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டு ஏறிவிட்டேன் என்று அம்மா விளக்குமாற்றோடு தெருமுனைவரை விரட்டியிருக்கிறார். அதோடு விட்ட சைக்கிள்.

என் வீட்டுக்காரரும் உற்சாகமாகிவிட்டார். ரெண்டு பேருமே வாங்கிவிடுவோம் என்றார். கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்களை ஒரே ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

"சாருக்கு இருபத்தொன்பது இஞ்ச். மேடத்துக்கு இருபத்தாறு, கூடை வச்சது. சரிங்களா?"

"எத வச்சுச் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"ஜென்ட்ஸுக்குப் பெருசு, லேடீஸுக்குச் சின்னது. அம்புட்டுத்தான் மேடம்."

ஊர் உலகத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்ட கணக்கு. நாங்களும் ஒப்புக்கொண்டோம். அவருக்கு உயரமான கறுப்பு சைக்கிள், நடுவில் பார் வைத்தது. எனக்கு ஊதா நிறத்தில், பார் வளைந்து கீழே இறங்கிய லேடீஸ் சைக்கிள். கூடையில் பிளாஸ்டிக் பூ வேறு.

பிறகுதான் யோசித்தேன், கடைக்காரர் மேல் முழுத் தப்பும் சொல்ல முடியாது. அவர் பார்த்தபோது என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். நான் அவர் பக்கத்தில் நிற்கும்போது எப்போதும் நிற்கிற மாதிரி, முட்டியைக் கொஞ்சம் மடக்கித் தோளைக் கொஞ்சம் குறுக்கி நின்றேன். அப்படி ஏன் நிற்கிறேன் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் கல்யாணத்துக்குப் போக வேண்டும்.

உட்கார்ந்து பார்த்த பெண்

என்னைப் பெண் பார்க்க அவர் எழுமலைக்கு வந்தபோது, பட்டாசாலைக் கூடத்தில் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார். நானும் வந்து உட்கார்ந்தேன். நிற்க வைத்துப் பார்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதற்கு முன்னால் ரெண்டு வரன் என் உயரத்தைக் கேள்விப்பட்டே வராமல் போனதால், அப்பா கவனமாகத்தான் இருந்தார்.

உட்கார்ந்த நிலையில் அவர் என்னைவிட ரெண்டு விரல் உயரம். எல்லார் முகத்திலும் நிம்மதி. என் அண்ணன் உள்ளே வந்து, "அமைஞ்சிருச்சு" என்று காதில் சொல்லிவிட்டுப் போனான்.

உண்மை வெளிவந்தது முகூர்த்தத்தில், அக்கினியைச் சுற்றி வர எழுந்தபோதுதான். அவர் எழுந்து நின்றார். நான் எழுந்தேன், எழுந்தேன், எழுந்துகொண்டே இருந்தேன். என் நாத்தனார், "என்ன இது, பொண்ணு நின்னுக்கிட்டே வளருது?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். மண்டபமே சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

ஃபோட்டோக்காரர் மணைப் பலகையைத் தூக்கி வந்து அவர் காலுக்கடியில் போட்டார். அதுவும் போதாமல் என்னிடம் வந்து, "யம்மா, சேலைக்குள்ள முட்டிய லேசா மடக்கிக்கங்க, தெரியாது" என்றார். மடக்கினேன். அந்தப் படம் இன்றும் எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. அதன்பிறகு காது குத்து, கிரகப்பிரவேசம், பணி ஓய்வு விழா என்று எந்தப் படத்திலும் அவர் பக்கத்தில் நான் முழுசாக நின்றதில்லை. யாரும் சொல்லவில்லை, பழகிவிட்டது.

ஒட்டாத ரெண்டு இருபத்தாறு

சைக்கிளுக்கு வருகிறேன். வாங்கிய புதிதில் அதைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது என்பதை அவனியாபுரத்துக் கண்ணாடிச் சில்லு ஒன்று எங்களுக்கு உணர்த்தியது. என் வீட்டுக்காரரின் நண்பர் வீட்டு விசேஷத்துக்கு அங்கே போனபோது என் பின் டயர் கிழிந்துவிட்டது.

"இருபத்தாறு டயர்தான? இந்தா வாரேன்" என்று அவர் கிளம்பிப் போய்ப் புது டயரோடு வந்தார். நல்ல பருமனான டயர். அந்த நண்பரும் அவரும் வாசலில் உட்கார்ந்து மாட்டினார்கள். ஒரு பக்கம் உள்ளே போனால் மறுபக்கம் வெளியே வந்தது. நண்பர் சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தேவிட்டார். விசேஷத்துக்கு வந்தவர்கள் பந்திக்குப் போகாமல் இதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"புது டயரு மாப்ள, அப்படித்தான் இறுக்கமா இருக்கும்" என்றார் நண்பர்.

நான் கிழிந்த டயரை எடுத்துப் பக்கவாட்டில் படித்தேன். அதில் இருபத்தாறு பெருக்கல் ஒன்று, அதற்குப் பக்கத்தில் எட்டில் மூன்று என்று பின்னமாகப் போட்டிருந்தது. புது டயரில் இருபத்தாறு பெருக்கல் ஒன்று புள்ளி ஒன்பது ஐந்து. அடியில் பொடி எழுத்தில் மில்லிமீட்டரில் இன்னும் ஒரு ஜோடி எண்கள். பழையதில் ஐந்நூற்றுத் தொண்ணூறு, புதியதில் ஐந்நூற்று ஐம்பத்தொன்பது. டயர் போய் உட்கார வேண்டிய ரிம்மின் அளவே அதுதான். மூன்று சென்டிமீட்டர் சின்ன வாயை வைத்துக்கொண்டு அந்த டயர் எப்படி ஏறும்?

"ரெண்டும் இருபத்தாறுதான? அப்புறம் எப்படி வேறயாகும்?" என்று என் வீட்டுக்காரர் டயரிடமே கேட்டார்.

பின்னம் போட்டது ஒரு சாதி, புள்ளி போட்டது வேறு சாதி, ரெண்டுக்கும் சம்பந்தம் பண்ண முடியாது என்று அன்று புரிந்துகொண்டோம். இருபத்தாறு என்பதெல்லாம் வீட்டில் கூப்பிடுகிற பெயர்தான். பொடி எழுத்தில் இருக்கிற மில்லிமீட்டர்தான் ரேஷன் கார்டில் உள்ள பெயர். டயரை மாற்றி வாங்கி வந்து மாட்டியபோது பாயசம் தீர்ந்திருந்தது.

மெஹர் பிடித்த அளவு

டயர் சரியானாலும் முட்டி சரியாகவில்லை. சொல்லப்போனால் முன்னைவிட மோசம். மிதிக்கும்போது முட்டி மேலே வந்து ஹேண்டில் பாரைத் தொட்டது. முட்டிச் சில்லுக்கு முன்னால் ஊசி குத்துகிற வலி. சீட்டை ஏற்றினேன். இதற்கு மேல் ஏற்றக் கூடாது என்று சீட் கம்பியில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், அதுவரை ஏற்றினேன். அப்போதும் கால் மடங்கியே இருந்தது.

ஒரு கட்டத்தில் எனக்கே வெறுத்துவிட்டது. எதிர்வீட்டு விஜயா வேறு, "யக்கா, ஓட்டலைன்னா சும்மா நிக்க விடாதீங்க, எனக்குக் குடுத்துருங்க" என்று சொல்லி வைத்திருந்தாள். அழகர் மலை ரோட்டில் ஒரே ஒரு தடவை போய்ப் பார்ப்பது, முட்டி ஒத்துழைக்காவிட்டால் வந்ததும் விஜயாவிடம் கொடுத்துவிடுவது என்று வாக்கும் கொடுத்தேன். சொல்லிவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். விடிகாலையில் காற்று முகத்தில் அடிக்கப் போகிற அந்த அரை மணி நேரம், எனக்கே எனக்கென்று கிடைத்த ஒன்று. அதையும் கொடுத்துவிட மனசு வரவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம் மெஹருன்னிசா வந்தாள். காஜிமார் தெருக்காரி, என்னோடு கணக்கு டீச்சராக இருந்தவள், எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டாள். என் கதையைக் கேட்டதும், "செவுத்தோட ஒட்டி நில்லுடி. செருப்பக் கழட்டு" என்றாள். அலமாரியிலிருந்து கெட்டி அட்டை போட்ட அட்லஸை எடுத்து, என் ரெண்டு காலுக்கும் நடுவில் முடிந்தவரை மேலே ஏற்றிப் பிடித்து, அட்லஸின் விளிம்பு தொட்ட இடத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டாள். தரையிலிருந்து கோடுவரை டேப் பிடித்தாள்.

"மாஷா அல்லா! எம்புட்டு நீளக் காலுடி உனக்கு! உசரம் பூராக் காலுலதான் இருக்கு."

"அதுக்கு?"

"ஆளு உசரத்தப் பாத்து வாங்கப்புடாதுடி, காலப் பாத்து வாங்கணும். இருபத்தாறு, இருபத்தொன்பதெல்லாம் சக்கரத்தோட நம்பரு. உனக்கு எம்புட்டுன்னு பாக்க வேண்டியது ஃபிரேம." பெடல் சுற்றுகிற அச்சிலிருந்து சீட் குழாய் முடிகிற இடம்வரை டேப்பை வைத்துக் காட்டினாள். "இது உனக்குப் பத்தாது. பாவாடைய முட்டிக்கு மேல தச்சுட்டு, இழுத்து இழுத்து விட்டா பத்துமா?"

பிறகு என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, நீங்களும் வாங்க. ஒரு அளவு பாத்துருவோம்."

"நான் என்ன பேன்ட்டா தைக்கப் போறேன்? பால் வாங்கணும், போயிட்டு வாரேன்" என்று பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். வீட்டில் ஏற்கெனவே பால் இருந்தது.

அன்றைக்கு ராத்திரி நான் பெரிய ஃபிரேம் வேண்டும், அதற்கு எங்கே போவேன் என்று புலம்பினேன். கறுப்பு சைக்கிள் வராந்தாவில் என் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தது. எங்கள் ரெண்டு பேர் கண்ணிலும் அது படவில்லை. அது ஜென்ட்ஸ் சைக்கிள், சாருடையது. அதற்கு மேல் யோசிக்க எங்களுக்குப் பழக்கமில்லை.

அழகர் வருகிற வழியில்

சிக்னலில் வட்டம் போட்டவர் மூன்றுமாவடியைத் தாண்டியும் நிற்கவில்லை. கடச்சனேந்தலில் டீக்கடை வாசனை ஆளைத் தூக்கியது, அங்கேயும் நிற்கவில்லை. சித்திரை மாதம் இதே ரோட்டில் மதுரைக்கு இறங்கி வருகிற அழகர் சாமிகூட, வழியில் பக்தர்கள் வரவேற்கிற மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று, எல்லாரிடமும் மரியாதை வாங்கிக்கொண்டுதான் வருவார். என் வீட்டுக்காரர் அவரையும் மிஞ்சிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பன்திருப்பதிக்கு முன்னால் என் முட்டி முடியாது என்று சொல்லிவிட்டது. புளியமரத்தடியில் ஒரு அம்மா இளநீர் வைத்திருந்தார். இறங்கிச் சைக்கிளை மரத்தில் சாய்த்தேன். தூரத்தில் மலை நீலமாகத் தெரிந்தது. இம்புட்டு தூரம் வந்தும் கிட்டவில்லை. விஜயாவிடம் என்ன சொல்லிச் சாவியைக் கொடுப்பது என்று வார்த்தை தேட ஆரம்பித்துவிட்டேன்.

"ஏங்க, நில்லுங்க! என்னால முடியல!" என்று கத்தினேன்.

அவர் திரும்பினார். என்னைத் தாண்டிப் போனார். மறுபடி திரும்பி வந்தார். மைல் கல்லைப் பார்த்தார், அது ரோட்டைவிட்டு இறங்கி இருந்தது. பாலத்துச் சுவரைப் பார்த்தார், அதில் ரெண்டு பேர் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் தடவை வந்தபோது பிரேக் போட்டு ஒரு காலைக் கீழே நீட்டினார். கால் தரையைத் தேடியது. சைக்கிள் சாய்ந்தது. ஆளும் சைக்கிளும் இளநீர் மட்டைக் குப்பைமேல் மெத்தென்று விழுந்தார்கள்.

"அய்யய்யோ சாரு!" என்று இளநீர் அம்மா அரிவாளோடு ஓடி வந்தார். அடி ஒன்றுமில்லை, உள்ளங்கையில் லேசான சிராய்ப்பு. சைக்கிளின் முன்சக்கரம் ரோட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. மணல் லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி வந்தது.

நான் ஓடிப்போய்ச் சைக்கிளைத் தூக்கினேன். அது மறுபடி ரோட்டில் சாய்ந்துவிடக் கூடாதே என்று அவசரத்தில் பாருக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டேன். சுடிதார்தான் போட்டிருந்தேன். போட்ட கால் அந்தப் பக்கம் போய்ச் சட்டென்று தரையில் பதிந்தது. பாரின் ரெண்டு பக்கமும் ரெண்டு பாதமும் முழுசாக மண்ணில் ஊன்றி நின்றன. லாரி போய்விட்டது. நான் அப்படியே நின்றேன்.

அவர் மட்டைக் குப்பையில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"அப்ப சிக்னல்ல சுத்துனது..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்குக் கால் எட்டல கோமதி" என்றார். "வாங்குன அன்னைக்கே எட்டல. நிக்கணும்னா கரண்ட் கம்பம் தேடணும். இறங்கணும்னா நம்ம வீட்டு வாசப்படி வரணும்."

"ஏங்க இத இத்தன நாளாச் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? உன் பக்கத்துல நின்னுக்கிட்டு எட்டலைன்னு சொல்ல வாய் வரல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மணைப் பலகை மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்ட மனுஷன், ஒரு புளியமரத்தடியில், இளநீர் அம்மா அரிவாளோடு கேட்டுக்கொண்டு நிற்க, கால் எட்டவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த பிரியத்தைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட நான் உணரவில்லை.

"மாத்திக்குவமா?" என்றேன்.

அவர் ஊதா சைக்கிளைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். கூடையில் இருந்த பிளாஸ்டிக் பூவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பூவ மட்டும் கழட்டிரு" என்றார்.

இளநீர் அம்மாவின் மொபெட்டிலிருந்து ஸ்பேனர் வாங்கி, ஊதாவின் சீட்டை இறக்கினோம். கறுப்பின் சீட்டை எனக்கு ஏற்றினோம். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே மிதித்தால் கால் நேராக நீள வேண்டும் என்று மெஹர் சொல்லியிருந்தாள். நீண்டது. ஹேண்டில் பார் எனக்குக் கொஞ்சம் தூரமாகத்தான் இருந்தது. அதைப் பிறகு சீட்டை முன்னால் தள்ளிச் சரிசெய்துகொண்டேன்.

மிதித்தேன். முட்டி எங்கேயும் இடிக்கவில்லை. சங்கிலி சத்தமில்லாமல் ஓடியது, ரோட்டோரத்துப் புளியமரங்கள் கடகடவென்று பின்னால் போயின. வலிக்கும் வலிக்கும் என்று காத்துக்கொண்டே மிதித்தேன். வலிக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் நான் ரோட்டில் தனியாகக் கூவினேன்.

பின்னால் மணிச் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து ராஜா மாதிரி வந்துகொண்டிருந்தார். எதிரே மொபெட்டில் போன ஒருவர், "என்னண்ணே, அக்கா வண்டியப் பறிச்சுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்வதற்காகவே என் வீட்டுக்காரர் நடுவழியில் பிரேக் போட்டு, ரெண்டு காலையும் ஜம்மென்று ஊன்றி நின்றார். அதன்பிறகு மலை அடிவாரத்து அழகர் கோவில் வாசல்வரை டீக்கடை, பூக்கடை, நாவல்பழக் கூடை என்று எதையும் விடாமல் நின்று நின்றுதான் வந்தார்.

நின்று எடுத்த படம்

கோட்டைச் சுவர் அருகில் சைக்கிள்களை நிறுத்தினோம். அந்தப் பக்கம் வந்த ஒருவரிடம் ஃபோனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். முட்டி தானாக மடங்கியது, தோள் தானாகக் குறுகியது.

"நிமிந்து நில்லு" என்றார்.

"இருக்கட்டுங்க."

"நில்லும்மா. பலகை இல்லாம நான் நிக்கிறேன்ல, நீ முட்டிய மடக்காம நில்லு."

நின்றேன். அந்தப் படத்தில் நான் அவரைவிட நாலு விரல் உயரம். மெஹருக்கு அனுப்பினேன். 'அளவு சரி' என்று ஒரே வரியில் பதில் போட்டாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது விஜயா வாசலில் காத்திருந்தாள். காலில் செருப்புகூட மாட்டாமல் ஓடி வந்தாள். "என்னக்கா, முட்டி ஒத்துழைக்கலையா? அப்ப அந்த ஊதா சைக்கிள நான் எடுத்துக்கிறட்டுமா?"

நான் வாயைத் திறக்குமுன் என் வீட்டுக்காரர் கூடைமேல் கையை வைத்துக்கொண்டார்.

"அதத் தர முடியாதும்மா, இது என் சைக்கிளு. கோமதி சைக்கிளு அந்தா நிக்கிது பாரு, அந்தக் கறுப்பு. கேட்டுப் பாரு. ஆனா சொல்லிப்புட்டேன், உனக்குக் கால் எட்டாது."